சைகோன் சுற்று ஒன்பது மணிக்கு முடியும்

மார்ச் 10, திங்கள்

மழை. டிராம் பதினெட்டு நிமிடம் தாமதம். குடை வீட்டில். நனைந்த தலையோடு வேலைக்கு.

செய்ய வேண்டியவை: ஹனோய் குழுவின் விசாப் படிவங்கள். மகளின் பல் டாக்டரிடம் எடுத்த நேரத்தை மாற்றுவது. மீன்.

பத்து மணிக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம். அனுப்பியவருக்கு இங்கே 'கே.' போதும். அறுபத்திரண்டு வயது, தனியாகப் பயணம் செய்தவர். போன மாதம் எங்கள் பயண நிறுவனத்தின் சைகோன் மாலைச் சுற்றுக்குப் போனவர். வழிகாட்டி தன்னை 'ஒழுங்கற்ற இடத்துக்கு' அழைத்துப் போனாளாம். அங்கே படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்ததாம். இணையத்திலும் எழுதிவிட்டார். ஒரு நட்சத்திரம். லானின் பெயரோடு.

லான். ஆறு வருடமாக அநேகமாகத் தினமும் கேட்கும் குரல். நேரில் பார்த்ததில்லை. அவளும் நான்கு பெண்களும் ஸ்கூட்டரில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மாலை முழுக்கச் சாப்பாடு காட்டுவார்கள். வியட்நாமில் மாலை ஆறு மணிக்குப் புறப்படும்போது இங்கே ஜெர்மனியில் பகல் பன்னிரண்டு. அதனால் சைகோனின் இரவு எனக்கு எப்போதும் மதியச் சாப்பாட்டு நேரம். பாண் துண்டைக் கடித்துக்கொண்டே கேட்பேன்: நொய்யரிசிச் சோறும் சுட்ட பன்றியும். மஞ்சள் போட்ட அரிசிமாத் தோசை, உள்ளே இறால். நத்தைக் கடைத் தெரு. பூச்சந்தை. கடைசியில் கால்வாய் ஓரம், முழங்கால் உயரப் பிளாஸ்டிக் முக்காலியில் பியர், கிட்டார் பாட்டுக்காரன். ஒன்பது மணிக்கு ஹோட்டலில் இறக்கிவிடுவார்கள். நான் போகாத ஊர். தெருக்கள் மனப்பாடம்.

முதலாளி வின்க்லர் கடிதத்தைப் படித்தார். நின்றபடியே சொன்னார்: "லானோடு முடித்துக்கொள்வோம். நடத்தை காரணமாக உள்ளூர்ப் பங்காளரை விலக்கிவிட்டோம் என்று அவருக்கு எழுதுங்கள். வெள்ளிக்குள்."

மீன் வாங்க மறந்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

லானை அழைத்தேன். அவளுடைய அம்மா முன்பு கிழக்கு ஜெர்மனியில் தையல் ஆலையில் வேலை செய்தவர். லானின் ஜெர்மன் அங்கிருந்து வந்தது, என்னுடையதைவிட நல்லது. இந்த நாட்குறிப்புக் கொப்பியில் மட்டும் அவள் யாழ்ப்பாணத் தமிழ் பேசுவாள். வேறு எப்படி எழுதுவது.

"ஒன்பது மணிக்கு அவரை ஹோட்டல் வாசலில இறக்கினனான். இறங்காமல் இருந்தவர். பெட்டையள் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோ எண்டவர். ஏலாது எண்டன். உங்கட நிறுவனம் ஒழுங்கு செய்யிறதாச் சொன்னது எண்டு கத்தினவர். பிறகு டாக்ஸி பிடிச்சுத் தானே போனவர். விழுந்தது அங்க. ஹோட்டல் காவலர் எல்லாம் பாத்தவர்."

கே.யின் கோப்பைத் திறந்தேன். ஜனவரியில் கே. எனக்கு எழுதியிருந்தார். கையேட்டில் 'இரவு வாழ்க்கை' என்று போட்டிருக்கிறீர்களே, தனியாக வரும் ஆண்களுக்கும் ஏதாவது உண்டா? உணவும் இசையும் மட்டும் என்று பதில் போட்டேன். கே. என் முதலாளி வி.யைத் தொலைபேசியில் அழைத்தார். பேசி முடித்த வி. சிரித்தார்: "அங்கே ஏற்பாடு செய்யலாம் என்று சொல்லிவைத்தேன். ஆள் வரட்டும்." வழக்கம்போல அதையும் கே.யின் கோப்பில் குறித்து வைத்தேன். கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. பழக்கம்.

லான் கடைசியில் கேட்டது: "'பத்து மணிக்குப் பிறகு சைகோனுக்குத் தடையே இல்லை' எண்டு உங்கட கையேட்டில இருக்குதே. அதை எழுதினது ஆர்?"

"முதலாளி சொன்னவர். நான் டைப் அடிச்சனான்."

அங்கே ஸ்கூட்டர் ஹோர்ன் சத்தம். பிறகு, "இது முதல் ஆள் இல்லை, வதனி. போன வருசமும் உங்களுக்கு எழுதினனான். பின்னால இருக்கிற ஆம்பிளையள் கையை எங்க வைக்கினம் எண்டு."

உண்மை. எழுதியிருந்தாள். படித்தேன். வி.க்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. நானும் திருப்பிக் கேட்கவில்லை.

மார்ச் 12, புதன்

வெயில், ஆனால் குளிர். டிராமில் இரண்டு அக்காமார்: "அவளுக்கு வீடு கிடைச்சிட்டுது, நாலாம் மாடி, லிப்ட் இல்லை." "வயசான காலத்தில ஏறட்டும், அப்பத்தான் திமிர் அடங்கும்."

வி. என் மேசைக்கு வந்தார். குரல் தணிவு. கே.யின் வக்கீல் கோப்பைக் கேட்கக்கூடும். ஜனவரிக் குறிப்பில் 'ஏற்பாடு செய்யலாம்' என்ற அந்த ஒரு வரி 'தேவையில்லாதது'. அதை எடுத்துவிட வேண்டும்.

"நான் எழுதியது நடந்தது" என்றேன்.

"நடந்தது எல்லாவற்றையும் கோப்பில் வைப்பதில்லை."

"நான் வைப்பேன்."

அவர் முகம் சிவக்கவில்லை. அதுதான் பயம். "வெள்ளிக்குள் கடிதம்" என்றார், போனார்.

அவரைப் பற்றி நியாயமாகவும் எழுத வேண்டும். பன்னிரண்டு வருடம் ஹோட்டல் அறை துடைத்தேன். முப்பத்துநான்கு வயதில் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி படித்தேன். விண்ணப்பித்த இடங்களில் பதில் போட்டவர் இவர் ஒருவர். என் பெயரை முதல் நாளே சரியாகச் சொன்னவர். அதற்காக நன்றி உண்டு. அந்த வரியை அழிக்கும் அளவுக்கு இல்லை.

கணவர் நேசனுக்கு இரவு சொன்னேன். பஸ் ஓட்டிவிட்டு வந்த களைப்பு அவருக்கு.

"உமக்கு ஏன் இந்த வேலை? வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரனும் பாத்துக்கொள்ளட்டும்."

"லான் வெள்ளைக்காரி இல்லை."

"வேலை போனா? திருப்பி அறை துடைக்கப் போறீரோ?"

"ஓம். போவன்."

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

மார்ச் 14, வெள்ளி

கடிதம் எழுதவில்லை. வி. மூன்று முறை கதவுப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். நாலரைக்குக் கணினியை அணைத்தேன், கோட்டு மாட்டினேன். "கடிதம்?" என்றார். "அந்தக் கடிதத்தை நான் எழுத மாட்டேன்" என்றேன். மாட்டேன் என்ற சொல்லை அந்த அலுவலகத்தில் அதுவரை சொன்னதில்லை. சொன்ன பிறகு கோட்டின் பொத்தான் தப்பான துளையில். அப்படியே வெளியே வந்தேன்.

"செவ்வாய் கே. நேரில் வருகிறார். நீங்களும் இருப்பீர்கள். மன்னிப்புக் கேட்பீர்கள்." முதுகுக்குப் பின்னால் வந்த குரல்.

மார்ச் 15, சனி

கழுவியவை: இரண்டு இயந்திரம் துணி, குளியலறை, ஜன்னல். வாங்கியவை: அறக்குளா மீன், வெண்டிக்காய், தேங்காய்ப்பால்.

நேசன் வெங்காயம் வெட்டினார். நான் மீன். அப்போதுதான் சொன்னேன். பதினாறு வருடம் ஒருவருக்கும் சொல்லாதது. அறை துடைத்த ஹோட்டலில் 214ஆம் அறை. குளியல் துவாய் மாற்றப் போனேன். விருந்தினர் கதவைச் சாத்தி அதில் சாய்ந்து நின்றார். ஒன்றும் ஆகவில்லை, துடைக்கும் தண்ணீர் வாளியை அவர் காலில் ஊற்றிவிட்டு ஓடிவிட்டேன். மேற்பார்வைப் பெண் கேட்டாள், வாடிக்கையாளரைப் பற்றி இப்படிச் சொன்னால் யாருக்கு வேலை போகும் என்று. கையெழுத்து வாங்கினாள், தண்ணீர் என் கவனக்குறைவால் கொட்டியது என்று. போட்டேன்.

நேசன் கத்தியை வைத்தார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா வேலைக்குப் போகாதை எண்டிருப்பியள். அப்ப அந்தச் சம்பளம் வேணும்."

அவர் கண்ணீர் வெங்காயத்துக்கா தெரியாது. வெட்டிய வெங்காயத்தைச் சட்டியில் போட்டபடி சொன்னார்: "செவ்வாய்க்கிழமை ஒண்டிலும் கையெழுத்துப் போடாதையும்."

குழம்புக்கு உப்புக் கூடிவிட்டது. இருவரும் சாப்பிட்டோம்.

மார்ச் 17, திங்கள்

லான் அழைத்தாள். மற்றப் பெண்களோடு பேசினாளாம். இணையத்தில் தன் பெயர் கிடப்பதால் வேறு இரண்டு நிறுவனங்கள் முன்பதிவை நிறுத்தியிருக்கின்றன. ஒருத்தியின் மாமியார் அவளை ஸ்கூட்டரை எடுக்கவே விடுவதில்லையாம்.

"என்னட்ட மன்னிப்புக் கேக்கவேண்டாம்" என்றாள், நான் தொடங்கியதும். "நாளைக்கு என்ன சொல்லப் போறியள்?"

"அந்த ஆள் எழுதினதை வாசிக்கப் போறன்."

"அவ்வளவும்?"

"அவ்வளவும்."

சிரித்தாள். அங்கே யாரோ நத்தைக்கு மிளகாய் கூடப் போடச் சொல்லிக் கத்தினார்கள். அவளும் திரும்பி ஏதோ கத்தினாள்.

மார்ச் 18, செவ்வாய்

இதை உடனே எழுதாவிட்டால் நாளை வேறு மாதிரி ஞாபகம் இருக்கும்.

பதினொரு மணி. கே. வலது கையில் பிளாஸ்டர் கட்டு, சுத்தமான மனிதர், காலில் நல்ல சப்பாத்து. என் கையைப் பிடித்துக் குலுக்க வந்தார், இடது கையால். வி. கோப்பி ஊற்றினார். தானே ஊற்றினார், ஒருபோதும் இல்லாதது.

கே. பேசினார். ஏமாற்றம், வலி, நம்பிக்கை, அந்தப் பெண். "அந்தப் பெண்" என்று ஐந்து தடவையாவது. வி. என் பக்கம் திரும்பினார்: "திருமதி நேசன் ஏதோ சொல்ல விரும்புகிறார்."

"ஓம்" என்றேன், தமிழில், பதற்றத்தில். பிறகு ஜெர்மனில்: "உங்கள் ஜனவரிக் கடிதத்தை வாசிக்கிறேன்." வாசித்தேன். தனியாக வரும் ஆண்கள். அதற்கு என் பதில். பிறகு கோப்பில் என் குறிப்பு, வி. சொன்ன வரியோடு. பிறகு லானின் போன வருடக் கடிதம், பெண்களின் பெயர் விட்டு. இடையில் நிறுத்தவில்லை.

கே.: "இது என் தனிப்பட்ட விஷயம்."

"உங்கள் கடிதம் உங்களுக்குத்தான் வாசிக்கப்பட்டது. லானின் பெயரைத்தான் நீங்கள் ஊருக்கு வாசித்தீர்கள்."

"அங்கே நானாகப் போனதாக அந்தப் பெண் எப்படி..."

"ஒன்பது மணிக்கு லான் ஹோட்டல் வாசலில் இறக்கிவிட்டதையும் பிறகு நீங்கள் டாக்ஸி பிடித்ததையும் ஹோட்டல் காவலர் பார்த்திருக்கிறார். உங்கள் வக்கீல் கேட்டால் அவர் பெயரைத் தருவேன்."

கே. வி.யைப் பார்த்தார். வி. கோப்பிக் கிண்ணத்தைப் பார்த்தார். இரண்டு ஆண்களில் யார் யாரைக் காட்டிக்கொடுப்பது என்று அந்த அறையில் ஒரு நிமிடம் போனது. எனக்கு அது போதும் போல இருந்தது.

கே. எழுந்தார். பிளாஸ்டர் கையோடு கோட்டைப் போட முடியவில்லை. உதவலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். தோளில் போட்டுக்கொண்டு போனார்.

வி. கதவை மூடினார். "நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தெரிகிறதா?"

தெரியும் என்றேன்.   பிறகு ஹனோய்க் குழுவின் விசா.

மார்ச் 19, புதன்

காலையில் பார்த்தபோது கே.யின் இணையப் பதிவு இல்லை. மன்னிப்பும் இல்லை. வக்கீல் கடிதமும் இல்லை.

லானிடமிருந்து அலுவலகத்துக்கு மின்னஞ்சல். ஐந்து பெண்களும் பெயர் போட்டிருந்தார்கள். தடையில்லாத சைகோன் வரியை எடுக்கும்வரை எங்கள் குழுக்களை ஏற்ற மாட்டார்கள். அதற்குப் பதில் போடவேண்டியதையும் அவர்களே எழுதியிருந்தார்கள்: 'சுற்று ஒன்பது மணிக்கு முடியும். சாப்பாட்டுக் கடைகளைத் தவிர வேறெங்கும் கூட்டிச்செல்ல மாட்டோம். வண்டியில் கைப்பிடி இருக்கிறது, அதைப் பிடிக்கவும்.'

ஏப்ரலில் ஏழு குழுக்கள். வி. காலை முழுக்க வேறு ஆட்களைத் தொலைபேசியில் தேடினார். ஜெர்மன் பேசும் பெண்கள் கிடைக்கவில்லை. ஆண்கள் கிடைத்தார்கள், ஆனால் சாப்பாடு தெரியாதவர்கள்.

இது என் யோசனை என்று நினைக்கிறார். இல்லை. நான் நினைத்தது ஒரு வரியை எடுப்பது மட்டும். மூன்று வரி சேர்க்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நேசன் கேட்டார்: "கைப்பிடியோ? அப்படியே போட்டிருக்கினமோ?" திருப்பித் திருப்பி வாசிக்கச் சொன்னார்.

மார்ச் 20, வியாழன்

காற்று. வலது காதில் வலி.

அச்சகத்திலிருந்து கையேட்டின் மாதிரிப் பக்கம். மூன்று வரியும் இருக்கிறது. கைப்பிடியும். வி. அதை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு மணி கழித்து இன்னொரு தாள். அப்மானுங். எழுத்தில் எச்சரிக்கை: மேலதிகாரியின் உத்தரவை மீறியது, வாடிக்கையாளரைச் சங்கடப்படுத்தியது. இன்னொரு தடவை என்றால் வேலைநீக்கம். கீழே கோடு, என் கையெழுத்துக்கு.

"போட மாட்டேன்" என்றேன். இரண்டாம் தடவை சொல்லும்போது அந்தச் சொல் வாயில் இலேசாக இருந்தது. "என் பக்கத்தை எழுதித் தருகிறேன். அதையும் என் கோப்பில் வையுங்கள். அது என் உரிமை."

"எத்தனை பக்கம்?"

"ஜனவரியிலிருந்து."

வி. நாற்காலியில் உட்கார்ந்தார். களைத்த மனிதர். உண்மையாகவே கேட்டார் என்று நினைக்கிறேன்: "இப்படியே எவ்வளவு காலம் இங்கே இருக்கப் போகிறீர்கள், திருமதி நேசன்?"

கணக்குப் பார்த்தேன். எனக்கு நாற்பத்துநான்கு.

"ஓய்வூதியம் எடுக்கும்வரை. இன்னும் இருபத்துமூன்று வருடம்."

தொலைபேசி அடித்தது. எழுந்து போய் எடுத்தேன்.