குழாயைத் திறந்துவிட்டு

பலெர்மோ, மார்ச் 1995

இஞ்சருங்கோ,

நான் பராமரிக்கும் சிஞ்ஞோரா அம்மா ருமேனியாவில் எழுத்தாளராக இருந்தவர். கவிதை வாசிக்குமுன் குழாயைத் திறந்துவிடுவார். ஒட்டுக்கேட்பவர்களுக்குத் தண்ணீர்ச் சத்தம் மட்டுமே கேட்குமாம்.

“அந்த ஆட்சி விழுந்து அஞ்சு வருசமாச்சு. இஞ்சை ஆர் கேக்கினம்?” என்றேன்.

“ஒருத்தருமில்லை. ஆனா தண்ணி ஓடாட்டி எனக்கு வாய் வராது.”

இன்று அவர் பக்கத்து ஊரான பகேரியாவுக்குப் போய்விட்டார். துறைமுகக் காற்றில் திரைச்சீலைகள் ஊதிப் பறக்க, வீடே மிதப்பதுபோல் இருந்தது. நானும் குழாயைத் திறந்தேன். அன்றைக்கு ஊரில் அவசரமாக அடுப்பில் போட்டீர்களே, உங்களுடைய அந்தக் கவிதைக் கொப்பியை முதற்பக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன். ஏன் போட்டீர்களென்று இதில் எழுதமாட்டேன். கடிதத்தை உங்களுக்கு முன்னே பிரிப்பவர்களும் வாசிப்பார்கள்.

எனக்கு அது மனப்பாடமென்று உங்களுக்குத் தெரியாது.

வாளி நிரம்பி வழிந்தது. ஒரு வரியும் பிசகவில்லை.

உங்களுடையவள்