கேமராவைப் பார்த்த செவலை

செவ்வாய்க்கிழமை, இரவு

செவலை இன்னும் சோற்றில் வாய் வைக்கவில்லையாம். நாய்க் காப்பகம் நடத்தும் ரஹ்மத் அக்கா இப்போதுதான் போனில் சொன்னார்.

தத்துக் கொடுப்பதற்காக நான் படம் எடுக்கும்போது, மற்ற நாய்களெல்லாம் பிஸ்கட்டைக் காட்டினால் கேமராவைப் பார்க்கும். செவலை மட்டும் திரும்பவே திரும்பாது. அதை வளர்த்தவர் தொண்டியில் மீன்பிடிப் படகு வைத்திருந்தார். படகை விற்றுவிட்டு வெளிநாடு போய்விட்டார். அது ஞாபகம் வந்துதான் இன்று காலை செல்போனில் படகு இன்ஜின் சத்தத்தைப் போட்டேன். பெரிய கெட்டிக்காரன் நான்!

காது இரண்டும் நிமிர்ந்தன. முகமே மாறிவிட்டது. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான்.

சத்தம் நின்றதும் கேட்டுக்கு ஓடி, கம்பியில் மூக்கை வைத்து நின்றது. கூப்பிட்டும் வரவில்லை.

"வராத மனுசன வாராருன்னு சொல்லிட்டியேப்பா" என்றார் அக்கா. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

படத்தைப் பார்த்துக் கடலாடியிலிருந்து ஒரு குடும்பம் செவலையை வளர்க்கக் கேட்டிருக்கிறது. நாளைக்கு வருகிறார்கள். "நம்மளப் பாத்துத்தான் சிரிக்குது" என்று பிள்ளைகள் குதிக்கிறார்களாம். நல்ல வீடுதான். செவலை அங்கே பழகிவிடும். பழகணும்.

காலையில் அவர்களுக்கு முன்னால் போகணும். கேமரா வேண்டாம். கேட் பக்கத்தில் அதோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கணும். அது என் பக்கம் திரும்பாவிட்டாலும் சரி.