கடலடியில் யாருடைய ஆள்

அண்ணே,

தலை வாரிக்கொண்டிருந்த அக்காவின் கையில் சீப்பு பாதியில் நின்றதைத்தான் முதலில் பார்த்தேன். பிறகுதான் டிவியைப் பார்த்தேன். இரண்டு பெரிய நாடுகளின் போர்க்கப்பல்கள். அந்தக் கடல் வழியாகத்தான் மச்சான் வேலை செய்யும் எண்ணெய்க் கப்பல் போக வேண்டும். பயப்படுகிறவர்கள் இப்போது நிற்கும் துறைமுகத்திலேயே இறங்கிக்கொள்ளலாம், மதியத்துக்குள் சொல்ல வேண்டும் என்று கேப்டன் சொல்லிவிட்டாராம். இறங்கினால் கம்பெனி மறுபடி கூப்பிடாது. அக்காவுக்கு இது ஏழாம் மாதம்.

"ரெண்டும் பெரிய நாடும்மா. நாலு நாள்ல முடிச்சிருவானுவ. முன்ன ஒரு தடவ முடிக்கலையா?" என்றார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. அம்மாவும் தலையாட்டினாள்.

முன்பு நடந்த அந்தச் சண்டை முடிந்த செய்தியை நாம் சேர்ந்துதான் பார்த்தோம். நீ கடலில் மூழ்கிச் சங்கு எடுத்துவிட்டு வந்து, உடம்பில் உப்புப் பூத்தபடியே சாப்பிட உட்கார்ந்திருந்தாய்.

"எப்படிண்ணே இவ்வளவு சீக்கிரம் முடிஞ்சுது?" என்றேன். உன்னிடம் மட்டும்தான் நான் கேள்வி கேட்பேன்.

"எங்களுக்கும் இன்னைக்கு அப்படித்தான் முடிஞ்சுது. சங்கு கெடக்குத எடத்துக்காவ மேல ரெண்டு படகுக்காரனுவளும் கம்பத் தூக்கிட்டானுவ. 'ஏலே, அடியில ஆள் கெடக்கு'ன்னு ஒருத்தன் கத்தினான். அவ்வளவுதான், கம்பு கீழ போயிட்டு."

"பயந்தாங்கொள்ளிய."

"ஏளா, ரெண்டு படகு ஆளும் அடியில கெடந்தோம். மூச்சுக்கு மேலேர்ந்து வார காத்துக் குழாய் ரெண்டும் பின்னிக் கெடக்கு. ஒண்ணு அறுந்தா ரெண்டு பக்கமும் சாவு. ஒரு பக்கத்து ஆள் மட்டும் கெடந்திருந்தா நின்னிருக்காது. பெரிய நாட்டுக்காரனுக்கும் அதேதான், ரெண்டு பக்கத்து ஊர்லயும் குண்டு விழுந்துச்சுல்லா."

"நீ என்ன செஞ்ச?"

"சங்கு பொறக்கிக்கிட்டு இருந்தேன். மேல வந்த பொறவுதான் சண்டையே தெரியும்."

அம்மாவுக்குச் சிரித்துப் புரையேறியது.

அடுத்த வருடம் ஒரு நாள் நீ மேலே வரவில்லை. குழாயில் காற்று நின்றுவிட்டது என்றார்கள். அதன்பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை, யாரிடமும் பேசுவதும் இல்லை. கடையில்கூடக் கையைக் காட்டித்தான் சாமான் வாங்குகிறேன்.

மறுபடி டிவியைப் பார்த்தேன். சண்டைபோடும் இரண்டு நாடுகளின் ஊர்களிலும் பேருந்து ஓடிக்கொண்டிருந்தது, கடைகள் திறந்திருந்தன. எரிந்துகொண்டிருந்தது ஏதோ மூன்றாம் நாட்டின் சரக்குக் கப்பல். இந்தத் தடவை அவர்கள் ஆள் யாரும் அடியில் இல்லை, அண்ணே. கிடக்கப்போவது நம் ஆள். அவர்கள் எதற்காகக் கம்பைக் கீழே போடுவார்கள்?

மச்சானின் அழைப்பு வந்தது.

"எல்லாரும் முடிஞ்சிரும்னுதான் சொல்லுதாவ. நான் என்னத்தச் சொல்ல?" என்று அக்கா அழுதாள்.

நான் போனை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

"மச்சான், எறங்கிருங்க."

"யாரு பேசுதது?" என்றார் அவர். என் குரலை அவர் கேட்டதே இல்லை.

என் பெயரைச் சொன்னேன். "எறங்கிருங்க" என்று மறுபடியும் சொன்னேன்.