மேடை யார் உயரத்துக்கு?

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

நானும் மகளும் சுகம். போனில் பேசினால் பாதியிலேயே உனக்குத் தூக்கம் சொக்குகிறது. குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன். ஓய்வு நாளில் காலை நீட்டி உட்கார்ந்து படி.

சமையலறையை இடித்தாகிவிட்டது. அலமாரிப் பலகை முழுக்கக் கரையான், மேஸ்திரி கை வைத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. அடுப்பு இப்போது கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் எரிகிறது. இடிப்பது சுலபமாகத்தான் இருந்தது. கட்டுவதற்குள் எனக்குத் தலை சுற்றுகிறது.

டைல்ஸ் கடையில் ஒரு பெண், "மேட் வேணுமா சார், கிளாஸி வேணுமா?" என்று கேட்டாள். நான், "மேட்டெல்லாம் வீட்ல இருக்கும்மா, டைல்ஸ் மட்டும் காட்டு" என்றேன். கால் துடைக்கிற மேட் என்று நினைத்துவிட்டேன். பளபளப்பு இல்லாததற்கு அப்படிப் பெயராம். கடையே சிரித்தது. உன் மகள் என்னை யாரென்றே தெரியாதவள் மாதிரி குழாய்கள் பக்கம் நகர்ந்துவிட்டாள்.

வெள்ளையில் மட்டும் பதினோரு வெள்ளை காட்டினார்கள். படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். "எதுன்னாலும் சரிங்க" என்று பதில் போட்டாய். சமையல் மேடைக்குக் கிரானைட் கல்லா, குவார்ட்ஸ் கல்லா என்று கேட்டேன், அதற்கும் அதே பதில். ஒரு கரண்டி வாங்க நாலு கடை ஏறி இறங்கியவள் நீ. எனக்குக் கோபம் வந்தது. களைப்பா, இல்லை இந்த வீட்டில் உனக்கு அக்கறை விட்டுப்போனதா என்று ஒன்றும் புரியவில்லை. கடைசியில் நானே சாம்பல் நிற டைல்ஸ் வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் அது பச்சையாகத் தெரிகிறது. விளக்கைப் போட்டால் மறுபடியும் சாம்பல்.

அதுகூடப் போகட்டும். நேற்று மேஸ்திரி டேப்போடு வந்து, "மேடை யாரு உயரத்துக்குங்க?" என்று கேட்டார். சமைப்பவர் கையை மடக்கி நின்றால், முழங்கைக்கு அரையடி கீழே மேடை வரவேண்டுமாம். "சமைக்கிறது நீங்களா, அம்மாவா? ஒருத்தருக்குத்தான் சரியா வரும்" என்றார்.

மூன்று வருடமாகக் குனிந்து குனிந்து சமைப்பது நான்தான். என் இடுப்பைக் கேட்டால் சொல்லும். ஆனாலும் எனக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. கல்லை வைத்துப் பூசிவிட்டால் காலத்துக்கும் அப்படியேதான் இருக்கும். நீ வரப்போவதில்லை என்று நானே முடிவு கட்டியதுபோல ஆகிவிடாதா?

"அவங்க உயரத்துக்கே போடுங்க" என்றேன். அம்மா எவ்வளவு உயரம் என்றார். என் தோளைத் தொட்டுக் காட்டினேன். மகள், "இல்லப்பா, உங்க காது வரைக்கும் வருவாங்க" என்றாள். நான் தோள் என்கிறேன், அவள் காது என்கிறாள். மேஸ்திரி சுவரில் இரண்டு கோடு போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். வீடியோவில் உன் முகத்தை மட்டும்தானே பார்க்கிறோம். பதினெட்டு வருடம் பக்கத்தில் நின்றவளின் உயரம் எனக்கு மறந்துவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

அடுத்த மாதம் உன் ஒப்பந்தம் முடிகிறது. இரண்டு வருடம் என்று வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாய், பிறகு ஒரு வருடம் நீட்டினாய். இந்த முறையும் கையெழுத்துப் போட்டுவிடுவாய் என்று மகள் நினைக்கிறாள். உன் உழைப்பில்தான் இந்தக் கல்லே வருகிறது, அதுவும் எனக்குத் தெரியும். வா என்று சொல்வதா, இரு என்று சொல்வதா என்று தெரியாமல்தான் இவ்வளவு நாளும் டைல்ஸைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

மேஸ்திரி வேறொரு வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார். வர ஒரு மாதம் ஆகும். "தரையிலிருந்து முழங்கை வரைக்கும் அளந்து அனுப்பச் சொல்லுங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குப் போதும்.

வேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள். அளவை மட்டும் அனுப்பிவிடாதே. நேரில் வந்து நில், அவரே அளந்துகொள்ளட்டும்.

அன்புடன்,
உன் வீட்டுக்காரன்