மூன்று டப்பா, ஒரே வயிறு

என் அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் என்று நான் சொல்வதில், நம் வீட்டில் ஒருவர் வயிற்றில் வாடகை தராமல் குடியிருந்த நாடாப்புழுவும் அடக்கம். போன வாரம் வரை அதுவும் சௌக்கியமாகத்தான் இருந்தது. நீ அப்படி யாரையும் குடிவைத்துக்கொள்ளாமல் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகப் பன்றிப் பண்ணைப் பக்கம் போய், தீனி போடும் தவிட்டக்காவின் அறைக் கதவைத் தட்டி அவருடைய மலம் இருந்த டப்பாவை வாங்கிக்கொண்டேன். அதைத் துணியில் சுற்றி, பரிசுப்பொருள் தருவது போல இரண்டு கையாலும் நீட்டி, "மூணாவது தடவை லேபம்மா, இதுக்கு மேல என்கிட்ட ஸ்டாக் இல்ல" என்றார். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், மற்றவர்கள் வருவதற்குள் லேபைத் திறந்து நுண்ணோக்கியில் பார்த்துவிட்டேன். ஒன்றும் இல்லை, மூன்றாவது முறையும் சுத்தம். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்று முகம் சுளிக்காதே, இந்தக் கடிதம் முழுக்க இதே நாற்றம்தான். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் போனை எடுத்தாலே அடுப்படியில் உன் பெரியம்மா வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றுவிடுகிறது. லேப் விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது என் வேலையின் விதி, இருந்தாலும் மகளிடம் சொல்வது வெளியே சொல்வதில் சேராது என்று நானே ஒரு சலுகை எடுத்துக்கொள்கிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் நம் பண்ணையிலிருந்து வெட்டுக்கூடத்துக்குப் போன பன்றிகளில் இரண்டைக் கால்நடை ஆய்வாளர் ஒதுக்கிவிட்டார். தொடைச் சதையைக் கீறிப் பார்த்தால் உள்ளே அரிசி இறைத்தது போல வெள்ளை வெள்ளையாகக் கொப்புளங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குஞ்சுப்புழு. அந்தக் கறியை அரைவேக்காட்டில் தின்றவர் குடலில் அது ஆளை விட நீளமாக, துணி நாடா மாதிரி வளரும். அவர் மலத்தோடு போகும் முட்டையைப் பன்றி தின்றால் பன்றிச் சதையில் மறுபடி அரிசி. இவ்வளவுதான் அதன் வாழ்க்கை, நம்முடையதைவிட ஒழுங்கானது. ஆய்வாளர் உன் பெரியப்பாவிடம், "பன்னிக்கு இது தானா வராது சார். உங்க பண்ணையில யாரோ ஒருத்தர் வயித்துல பெரிய புழு இருக்கு. யாருன்னு பாத்து மருந்து குடுத்துட்டு வாங்க, அப்புறம் விக்கலாம்" என்று சொல்லி ஒரு படிவத்தையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். உன் பெரியப்பாவுக்கு அந்த ஆளைக் கண்டுபிடிக்க வெட்டுக்கூடத்து வாசலைத் தாண்டும் நேரம்கூடத் தேவைப்படவில்லை. தவிட்டக்காதான். ஆதாரம் என்ன என்றால் அவர் கையில் தவிடு ஒட்டியிருக்கும், காலில் சேறு இருக்கும், பன்றிகளோடு பேசுவார். வழியில் இரண்டு கறிக்கடைக்காரர்களிடமும் "வேலைக்காரியால வந்த வினை" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கே வந்தார். வந்ததும் தவிட்டக்காவைக் கூப்பிட்டு மாதக் கடைசி சனிக்கிழமைக்குள் அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். பதினோரு வருடமாக அந்த ஒற்றை அறைதான் அவருக்கு வீடு, வேறு போக்கிடம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் அழவில்லை. "சாயங்காலத் தீனி கலந்துட்டு வந்து பேசறேன்" என்று போய்விட்டார்.

இந்த ஊரில் எல்லோருக்கும் ஒரே நம்பிக்கை, புழு என்பது அடுத்தவர் வயிற்றில் இருப்பது. என் பதிவேட்டைப் பிரித்துக் காட்டினால் பாதிப் பேர் தெருவில் தலைகுனிந்து நடக்க வேண்டியிருக்கும். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் இருக்கிறார், வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் உட்காரும் அம்மாள் இருக்கிறார், உடம்பை ஏற்றுகிறேன் என்று பச்சைக் கறி தின்னும் உடற்பயிற்சி மாஸ்டர் இருக்கிறார், அவர் ஏற்றியது யார் உடம்பை என்று நான்தான் பார்த்துச் சொன்னேன். எல்லோரும் டப்பாவை நீட்டும்போது சொல்வது ஒன்றே, "சும்மா ஒரு செக்கப்." கால்நடைகளைக் கேட்கவே வேண்டாம், ஆட்டுக்கு ஒரு வகை, மாட்டுக்கு ஒரு வகை, தெருநாய்க்கும் சோபாவில் தூங்கும் நாய்க்கும் வித்தியாசம் பார்க்காத ஒரு வகை. போன மாதம் ஒரு சோபா நாயின் சொந்தக்காரி, அதன் வாலடியில் வெள்ளரி விதை ஒட்டிக்கொண்டிருக்கிறது, நாங்கள் வீட்டில் வெள்ளரியே வாங்குவதில்லையே என்று காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விதை மெல்ல நகர்ந்தது. சளி பிடிப்பது போல அவ்வளவு சாதாரணமான சமாசாரம்தான் இது, ஆனால் சளி வந்தால் சபையில் தும்முகிறோம், புழு வந்தால் ஒருவரும் மூச்சு விடுவதில்லை. சிரிப்பதற்கு மட்டுமான விஷயமும் இல்லை. பன்றியிலிருந்து வரும் வகையின் முட்டை, புழு உள்ளவர் கையிலிருந்து அடுத்தவர் சாப்பாட்டுக்குப் போனால், தின்றவரின் மூளையில் போய்க் கொப்புளம் கட்டலாம். கறியே தொடாத தையல்காரம்மா ஒருவர் வலிப்பு வந்து தையல் மிஷின் மேலேயே விழுந்தாரே, போன வருடம் எழுதியிருந்தேன், அவருக்கு இதுதான். அதனால்தான் தவிட்டக்காவை அனுப்புவது இருக்கட்டும், முதலில் வீட்டிலும் பண்ணையிலும் இருக்கிற ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு டப்பா கொடுங்கள் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். உன் பெரியப்பா, வேலைக்காரர் தொட்ட வாளியைத் தொட்டாலே மூன்று முறை சோப்புப் போடுபவர், கௌரவமாகச் சிரித்தார்.

திங்கட்கிழமை லேபில் ஐந்து டப்பாவையும் வரிசையாக வைத்தேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, நான் முதலில் எடுத்தது தவிட்டக்காவின் டப்பாவைத்தான். அதில்தான் இருக்கும் என்று என் கை தானாக அங்கே போயிற்று. விலங்கியலில் பட்டம் வாங்கி இருபது வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்தும் என் கைக்கு உன் பெரியப்பாவின் மூளைதான் இருந்திருக்கிறது, அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அதில் ஒன்றும் இல்லை. என்னுடையதிலும் இல்லை. உன் அப்பாவுடையதில் முட்டை இருந்தது. பெரியம்மாவுடையதிலும் இருந்தது. பெரியப்பாவுடையதிலும் இருந்தது. குடும்பமே கூண்டோடு போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே நிறம், ஒரே பதம், மூன்றிலும் ஒரே மாதிரி செரிக்காத சோளத்தோல். உன் பெரியம்மா பல்லில் சிக்குகிறது என்று சோளத்தைத் தொடுவதே இல்லை. வீட்டுக்கு வந்து உன் அப்பாவைத் துணி காயப்போடும் இடத்தில் வைத்துக் கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணன்தான் சொன்னாரு, ஆளாளுக்கு எதுக்கு அசிங்கம், என்னோடதையே மூணா பிரிச்சுக்கலாம், என்னுது எப்படியும் சுத்தமாத்தான் இருக்கும்னு" என்றார். ஐஸ்கிரீம் குச்சியால் இவர்தான் பங்கு பிரித்தாராம். சொத்துப் பிரிவினையில்கூட அண்ணன் தம்பிக்குள் இவ்வளவு சமமாகப் பிரித்திருக்க மாட்டார்கள்.

விஷயத்தைச் சொன்னதும் உன் பெரியப்பா, லேபில் டப்பா மாறியிருக்கும் என்றார். மூன்றுமே உங்களுடையதுதானே, எதற்கு எது மாறும் என்று கேட்டேன். வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு பக்கத்து ஊர் டாக்டரிடம் போனார். பரிசோதித்துவிட்டு ஒரே ஒரு வேளை மாத்திரை கொடுத்தாராம். மறுநாள் கழிப்பறையிலிருந்து வெளியே வந்தவர் அரை மணி நேரம் கை கழுவினார், அந்தக் கழுவலை முன்பே கொஞ்சம் இடம் பார்த்துச் செய்திருக்கலாம். புழு எப்படி வந்தது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம், கறி பாதி வெந்துகொண்டிருக்கும்போதே சட்டியில் கைவிட்டு "உப்பு பாக்கறேன்" என்று நாலு துண்டு தின்பவர் அவர்தான். பன்றிகளுக்கு எப்படிப் போனது என்பதற்கும் வேண்டாம். நம் வீட்டுக் கழிவுத்தொட்டியில் விரிசல் விட்டு நாலாம் தொழுவத்துக்குள் கசிகிறது என்று தவிட்டக்கா மூன்று தடவை சொல்லியிருக்கிறார், மண் ஈரமாக இருந்தால் பன்றிக்குக் குளுமை என்று இவர் சொல்லிவிட்டார். ஆய்வாளர் ஒதுக்கிய இரண்டும் நாலாம் தொழுவத்துப் பன்றிகள். எல்லாவற்றையும்விட மோசம், மற்றவர்கள் கை சுத்தமில்லை என்று நம் எல்லோருக்கும் தினம் தக்காளியும் முள்ளங்கியும் நறுக்கி வைத்தவர் அவர். உன் அப்பாவை மிரட்டி அவருடைய சொந்த டப்பாவை வாங்கிப் பார்த்தேன், நல்லவேளை இல்லை. பெரியம்மா மட்டும் "எனக்கு வயித்துல ஒண்ணும் ஊரல" என்று இன்னும் தர மறுக்கிறார்.

இதோடு முடிந்திருந்தால் இதை ஒரு வேடிக்கையாக எழுதி அனுப்பியிருப்பேன். ஆய்வாளர் கொடுத்த படிவத்தில் யார் பெயரையும் கேட்கவில்லை. புழு கண்டவர் தொழிலாளியா, உரிமையாளரா, குடும்பத்தினரா என்று மூன்று கட்டம், கீழே பரிசோதித்தவர் கையெழுத்து. நேற்று மத்தியானம் சாப்பிடும்போது உன் பெரியப்பா அதையும் ஒரு பேனாவையும் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "இங்க பாரும்மா, தொழிலாளின்னு ஒரு டிக் போடு. அவ எப்படியும் போறவதானே, அவளுக்கு என்ன நஷ்டம். வீட்டு மானம் வீட்டோட இருக்கட்டும்." மருந்தும் சாப்பிட்டாயிற்று, புழுவும் போயாயிற்று, ஆனால் கறிக்கடையில் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க முடியாதாம், அதற்காகத் தவிட்டக்கா போயே ஆக வேண்டுமாம். நம் பண்ணையில் தொழிலாளி என்றால் அவர் ஒருவர்தான், புழு வைத்திருந்தவள் என்று காகிதத்தில் ஏறிவிட்டால் அவரை வேறு எந்தப் பண்ணை உள்ளே விடும்? நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்தார். "எதுக்கு வம்பு, போட்டுரேன்" என்றார். இருபத்து மூன்று வருடத்தில் அவர் எத்தனையோ இடங்களில் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார், அதை எல்லாம் சாந்தகுணம் என்று எண்ணித்தான் நான் குடும்பம் நடத்தினேன். நேற்றுதான் அவர் வாய் திறந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

நீ போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தாயே, உணவகத்தில் கறித்துண்டை வெட்டினால் நடுவில் சிவப்பாக இருப்பது போல, அங்கே அப்படித்தான் சாப்பிடுவார்கள் என்று பெருமையாக. நாகரிகமான ஊர்ப் புழுவுக்குக் கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியும் என்பது தவிர வேறு வித்தியாசம் கிடையாது. நன்றாக வேகவைக்கச் சொல்லிச் சாப்பிடு, சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கழிப்பறைக்குப் போய்வந்தால் கை கழுவு, மனிதர்களைத் தொட்டதற்காகக் கழுவாதே. வயிற்றில் சந்தேகம் என்றால் டாக்டரிடம் போ, நீயாக மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாதே. உன் அறைத்தோழியிடமும் சொல், அவளும் முகம் சுளிப்பாள், பரவாயில்லை. உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, அடுத்த முறை போன் பண்ணும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காதே. நல்ல உடம்போடும், எதிரே நிற்பவரை நிமிர்ந்து பார்க்கும் மனசோடும் நீண்ட நாள் நீ வாழ வேண்டும்.

நாளைதான் அந்தக் கடைசி சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு ஆய்வாளர் வெட்டுக்கூடத்துக்கு வருவார். தவிட்டக்காவை என்னோடு அழைத்துப் போகிறேன், எதற்கென்று அவருக்கும் இன்னும் சொல்லவில்லை. அவருடைய மூன்று முடிவுகளையும் கையெழுத்துப் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிடுவேன், ஆய்வாளரிடம் அவரே நீட்டட்டும். படிவத்தில் உரிமையாளர் என்ற கட்டத்தில் இன்று மாலை லேபில் உட்கார்ந்து மையால் குறி போட்டுவிட்டேன். பண்ணை இரண்டு பேர் பெயரில் இருக்கிறது, அண்ணனா தம்பியா என்று ஊர் யோசிக்கும். யோசிக்கட்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா