ஈயம் படிந்த கையில் சோறு

18-1-1968, வியாழன்
தை பிறந்ததும் கல்யாணப் பத்திரிகைகள் குவிந்துவிட்டன. இன்று மட்டும் ஏழு. குமாரசாமியை நம்பித்தான் இத்தனையும் ஒப்புக்கொள்கிறேன். பதினெட்டு வருஷமாக என் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவன். பெட்டியைப் பார்க்காமலே அவன் விரல்கள் ஈய எழுத்தைப் பொறுக்கும். பிள்ளையார்பாளையத்தில் அவன் வீடு வரை போய்ச் சாப்பிட்டு வந்தால் ஒரு மணி நேரம் வீண். அதனால் முகூர்த்த மாதங்களில் என் மனைவி அலமு தயிர்சாதம் பிசைந்து கொண்டுவருவாள். ஈரக் கை பட்டால் காகிதம் கெடும். ஆகையால் கழுவுகிற வேலை கிடையாது. அவனும் மற்ற ஆட்களும் மண்ணெண்ணெய்த் துணியில் துடைத்துவிட்டுக் கையை நீட்டுவார்கள், அவள் உருட்டிப் போடுவாள். எந்த முதலாளி வீட்டில் இது நடக்கிறது? எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்தான்.

9-2, வெள்ளி
புரூஃபில் பதினோரு பிழை. குமாரசாமியா இது? வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். வாயுவாக இருக்கும் என்று அலமு ஓமத் தண்ணீர் கொடுத்தாள்.

4-3, திங்கள்
பங்குனித் திருவிழா நோட்டீஸுக்குத் தேர்ப் படம் மெட்ராஸிலிருந்து வந்தது. துத்தநாகத் தகட்டில் செய்த பிளாக். தேர் வடத்தின் முறுக்கு கூடத் தெரிகிறது. கீழே குமாரசாமி கோத்த வரிகளில் நாலு எழுத்து தலைகீழ். எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். இந்தத் தகட்டுக்கு இருக்கிற புத்தி கூட உனக்கில்லையே என்றேன். அவன் கோத்த வரியைக் கீழே வைத்தான்.
இல்லை, வைக்கவில்லை. அது கையிலிருந்து நழுவியது. எழுதும்போதுதான் உறைக்கிறது.

8-3, வெள்ளி
நாலு நாளாக வரவில்லை. ரோஷம்.

11-3, திங்கள்
அவன் மனைவி கிருஷ்ணம்மாள் வந்து நின்றாள். "வலது மணிக்கட்டு தொங்கிப் போச்சுங்க. ஒரு வாரமா நான்தான் சோறு ஊட்டிக்கினு இருக்கறேன்" என்றாள். ரோஷம் என்று எழுதினேனே, பாவி.

12-3, செவ்வாய்
டாக்டரிடம் கூட்டிப்போனேன். கையை அப்புறம் பார்த்தார். முதலில் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். கருநீலமாக ஒரு கோடு. என்ன வேலை, எங்கே சாப்பாடு என்று கேட்டார். என் அச்சகத்திலேயே சாப்பாடு போடுகிறோம் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். கை கழுவிவிட்டா என்றார்.
ஈயம் சோற்றோடு சோறாக உள்ளே போயிருக்கிறது. கழுவக் கூடாதென்று சட்டம் போட்டவன் நான். அந்த வேலையை இனித் தொடவே கூடாதாம். கை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்.
அலமுவிடம் சொன்னேன். "என் கையாலதானே போட்டேன்" என்றாள்.

13-4, சனி
வருஷப் பிறப்பு. குமாரசாமி வீட்டு வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

10-6, திங்கள்
வழக்கமான பத்திரிகை வரிகளை முழுசாகத் துத்தநாக பிளாக்காகவே செய்து வாங்கிவிட்டேன். ஈய எழுத்தைத் தொடுவது பாதியாகக் குறையும். மிச்சத்தை நானும் உட்கார்ந்து கோக்கிறேன். கிணற்றடியில் சோப்பு வைத்திருக்கிறது.
குமாரசாமி இன்று வந்தான், புரூஃப் பார்க்க. பென்சில் இடது கையில். ஒன்பது பிழை பிடித்தான். ஒன்பதும் நான் கோத்தவை.
மதியம் எல்லாரும் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தோம். அலமு இலையில் பரிமாறினாள். குமாரசாமி மட்டும் சோற்றைத் தொடவில்லை. வலது கை மடியில் கிடந்தது. நான் ஊட்டட்டுமா என்று எழுந்தேன்.
"வாணாம் மொதலாளி. நீங்கள்லாம் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க, போதும்."
நாங்கள் சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டோம்.