தூரத்து ஆளுக்குத்தான் பாயிண்ட்

என்னங்க,

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து வேலூர் ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்கன்னு தம்பி வந்து சொன்னான். அதைச் சொல்ல ரெண்டு தரம் மாடி ஏறி வந்தேன். ஹெட்போனைக் கழட்டாமலே, "இரு சரசு, ஹாம் ரேடியோ போட்டி நடக்குது, நெல்லூர் பேசுது"ன்னு கையைக் காட்டிட்டீங்க. எவ்வளவு தூரத்து ஆளைப் பிடிச்சுப் பேசறீங்களோ அவ்வளவு பாயிண்டாமே. பக்கத்துல நிக்கிற பொண்டாட்டிக்கு ஒண்ணும் கெடையாது போல. வேலூர்ல இருந்து கூப்பிட்டா எனக்கும் ஏதாச்சும் தேறும்.

நான் வேலூர் பஸ்ஸுக்குக் கிளம்பிட்டேன். சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் மூடி வச்சிருக்கேன். பக்கத்து வீட்டு மணியம்மாக்கா மலை சுத்திட்டு வந்ததும் சண்டைக்கு வருவாங்க. உங்க ரேடியோ குறுக்க வந்து, அவங்க டிவியில கதாநாயகன் வாயைத் திறந்தா உங்க குரல்தான் வருதாம்.

சரசு

பின்குறிப்பு: அப்பா, "மாப்பிள்ளை வர்றாரா?"ன்னு கேட்டாராம். "வர்றாரு"ன்னு தம்பிகிட்ட சொல்லி அனுப்பிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிடாதீங்க. சாயங்கால பஸ்ஸுக்காவது இறங்கி வாங்க.